பிரெஞ்சுக் குடும்பப் பெயரைத் துருவுவது எப்படி? ஒரு கொல்லர் பெயரை வைத்து ஒரு வழிகாட்டி

வடபிரான்சில் நான் முதலில் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் பன்னிரண்டு தபால்பெட்டிகள் இருந்தன. அவற்றில் மூன்றில் லெஃபெவ்ர் என்றே பெயர். அண்ணன் தம்பிகளாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் தவறுதலாக என் பெட்டியில் விழுந்த கடிதத்தை உரியவரிடம் சேர்க்கப் போனபோதுதான் கூர்ந்து பார்த்தேன். மூன்று பெட்டியிலும் மூன்று விதமான எழுத்துக்கூட்டல். கடிதத்தை வாங்கிக்கொண்ட பெரியவர் சிரித்தபடி, "மற்ற இருவரும் எனக்கு யாரென்றே தெரியாது. ஆனால் மூவரும் கொல்லன் பேரப்பிள்ளைகள்தான்" என்றார்.

அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றின் பிறப்பிடம், பொருள், பரவல் ஆகியவற்றைத் தேட வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். எடுத்தவுடன் பொருளைத் தேடுகிறார்கள். பொருள் கடைசியில் வரவேண்டியது. முதலில் எழுத்துக்கூட்டல், பிறகு ஊர், அதற்குப் பிறகுதான் பொருள். லெஃபெவ்ர் என்ற பெயரையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். உங்கள் கையில் உள்ள பெயர் வேறாக இருந்தாலும் வழி இதேதான்.

முதல் படி: பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று பட்டியல் போடுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில், நீங்கள் தேடும் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். லெஃபெவ்ரில் இரண்டு முக்கிய வடிவங்கள் உண்டு. ஒன்றில் (Lefebvre) நடுவே 'பி' (b) என்ற எழுத்து வரும், ஆனால் உச்சரிப்பில் வராது. மற்றதில் (Lefèvre) 'பி' இருக்காது. அதற்குப் பதில் நடு 'இ'யின் (e) தலையில் ஒரு சாய்கோடு இருக்கும். இரண்டையும் வாயால் சொன்னால் வேறுபாடு தெரியாது. அதனால்தான் இந்தப் பெயருள்ளவர்கள் தொலைபேசியில் பெயரைச் சொன்னவுடன், "பி உண்டு" அல்லது "பி இல்லை" என்று தாமாகவே சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

உச்சரிக்காத அந்த 'பி' எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு நல்ல கதை இருக்கிறது. இந்தப் பெயரின் வேர் லத்தீன் மொழியின் 'ஃபாபெர்'. கடினமான பொருள்களில் வேலை செய்யும் கைவினைஞன் என்று பொருள். பிறகு இரும்புக் கொல்லன் என்று குறுகியது. பழைய பிரெஞ்சில் அது 'ஃபெவ்ர்' ஆனபோது 'பி' ஒலி 'வி' ஆகிவிட்டது. ஆனால் இடைக்காலத்தின் இறுதியில் எழுத்தர்களுக்கு லத்தீன் மோகம். சொல்லின் பூர்வீகம் தெரியட்டும் என்று பழைய 'பி'யை மறுபடி நடுவே செருகினார்கள். அவர்களுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. அக்காலக் கையெழுத்தில் 'யு'வும் (u) 'வி'யும் (v) ஒரே வடிவம். முன்னால் ஒரு 'பி'யைப் போட்டால், அடுத்து வருவதை 'வி' என்று படிக்க வேண்டும் என்ற குறிப்பும் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் சிலர் அந்தக் குறிப்பை மறந்து எழுத்துக்கு எழுத்து படித்தார்கள். 'பி'யும் ஒலித்தது, 'வி' மறுபடி 'யு' ஆனது. இப்படிப் பிறந்ததுதான் லெஃபேபூர் (Lefebure) என்ற மூன்றாவது பெயர். படிக்கத் தெரிந்தவர்கள் தப்பாகப் படித்ததால் ஒரு குடும்பப் பெயர்! என் கட்டடத்தின் மூன்றாவது தபால்பெட்டி அதுதான்.

வேறுபாடுகளை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நானே இதில் இரண்டு மாதம் வீணாக்கியிருக்கிறேன். நண்பர் ஒருவருக்காக 'பி' உள்ள வடிவத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். 1740களில் வம்சக் கோடு அறுந்துபோனது. கடைசியில் பா-த-கலே பகுதியின் திருமணப் பதிவு ஒன்றில் விடை கிடைத்தது. பக்க ஓரத்தில் பங்குக் குருவானவர் 'பி'யோடு எழுதியிருந்தார். அதே பதிவின் உள்ளே, நான்கு வரி தள்ளி, 'பி' இல்லாமல் எழுதியிருந்தார். அடியில் மணமகன் தட்டுத் தடுமாறி இட்ட கையெழுத்தில் 'பி'யும் இருந்தது, 'யு'வும் இருந்தது. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே தாள், மூன்று பெயர். பக்கத்தில் மணமகளின் சகோதரன் எழுதத் தெரியாமல் ஒரு சிலுவைக் குறி போட்டிருந்தான். அவனுடைய பெயர் மட்டும்தான் தகராறில்லாமல் இருந்தது.

எழுத்துக்கூட்டல் இறுகியது மிகவும் பின்னால்தான். பிறப்புப் பதிவில் உள்ளதைத் தவிர வேறு பெயரைச் சுமக்கக் கூடாது என்று பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துச் சட்டம் ஒன்று 1794 ஆகஸ்டில் விதித்தது. 1877 முதல் மணமக்களுக்குக் குடும்பப் பதிவுப் புத்தகம் தரத் தொடங்கியபின் எழுத்துகள் ஏறக்குறைய உறைந்துவிட்டன. ஆகவே 19ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் போகும்போது, "இது எங்கள் எழுத்துக்கூட்டல் இல்லையே" என்று எந்தப் பதிவையும் ஒதுக்காதீர்கள்.

இரண்டாம் படி: வரைபடத்தைப் பாருங்கள், அதிலும் பழைய வரைபடத்தை

இணையத்தில் ஜியோபட்ரோனிம் என்றொரு தளம் உண்டு. பிரெஞ்சுப் புள்ளிவிவர நிறுவனமான இன்சேயின் தரவுகளைக் கொண்டு, 1891 முதல் 1990 வரையிலான பிறப்புகளை இருபத்தைந்து ஆண்டுகள் கொண்ட நான்கு காலப்பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. பெயரைத் தட்டினால் பிரான்ஸ் வரைபடத்தில் எந்த மாவட்டத்தில் எத்தனை பிறப்புகள் என்று நிறம் ஏறும்.

புதிதாக வருகிறவர்கள் 1966-1990 காலத்தைச் சொடுக்குவார்கள். அதைத் தொடாதீர்கள். அதற்குள் வேலை தேடி எல்லோரும் பாரிசுக்கும் லியோனுக்கும் போய்விட்டார்கள். எந்தப் பெயரைப் போட்டாலும் பாரிஸ் சிவந்து நிற்கும். 1891-1915 காலத்தைத் திறங்கள். அப்போது பெரும்பாலோர் பாட்டன் பிறந்த ஊரிலிருந்து அதிக தூரம் போயிருக்கவில்லை.

'பி' உள்ள லெஃபெவ்ரைப் போட்டுப் பார்த்தால் நோர், பா-த-கலே, சோம் என்று பெல்ஜியப் பக்கமுள்ள வடக்குப் பகுதிதான் பளிச்சென்று தெரியும். 'பி' இல்லாதது பிக்கார்டி, நார்மண்டி பக்கம் சற்றுப் பரந்து கிடக்கும். இப்போது தெற்கத்தி வடிவங்களைப் போடுங்கள். ஃபாப்ர் என்றால் லாங்தோக், அவேரோன் பகுதிகள். ஃபோர் என்றால் ரோன் நதிக்கரை மாவட்டங்களும் லிமூசன் பக்கமும். ஃபாவ்ர் என்றால் சவ்வாவும் எல்லை தாண்டி பிரெஞ்சு பேசும் சுவிட்சர்லாந்தும். 'ல' என்ற முன்னொட்டு இல்லாத ஃபெவ்ர் கிழக்கே லொரேனிலும் ஃபிரான்ஷ்-கொந்தேயிலும் கிடைக்கும். எல்லாமே ஒரே லத்தீன் கொல்லன்தான், ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வாயில்.

மூன்றாம் படி: பெயரின் உடலில் உள்ள ஊர் அடையாளங்களைப் படியுங்கள்

வரைபடம் சொன்னதைப் பெயரின் எழுத்துகளே உறுதிப்படுத்தும். பிரான்ஸ் ஒரே மொழி பேசிய நாடு அல்ல. வடக்கே ஒயில் மொழிகள், தெற்கே ஒக்சிதான், மேற்கு முனையில் பிரெத்தோன், கிழக்கே ஜெர்மன் சார்ந்த அல்சாஸ் பேச்சு, பிரெனே மலையோரம் பாஸ்க், கோர்சிகா தீவில் இத்தாலிய உறவு. ஒவ்வொன்றும் தன் தடத்தைப் பெயரில் விட்டுவைத்திருக்கிறது.

லத்தீனின் 'ஆ' வடக்கே போகும்போது 'ஏ' பக்கம் சாயும், தெற்கே அப்படியே நிற்கும். கடல் என்ற சொல் வடக்கே 'மேர்', தெற்கே 'மார்'. அதே விதியில்தான் வடக்கே ஃபெவ்ர், தெற்கே ஃபாப்ர். பெயருக்கு முன்னால் 'ல' ஒட்டுவதும் வடக்கத்திப் பழக்கம். செம்பட்டைத் தலையனுக்கு வடக்கிலும் மேற்கிலும் லெரூ, தெற்கே வெறும் ரூ. இந்த ஒரு குறிப்பை மனதில் வைத்தாலே பாதிப் பெயர்களுக்குத் திசை சொல்லிவிடலாம்.

பிரெத்தோன் பேசும் மேற்கு முனையான பிரிட்டனியில் கொல்லன் 'கோஃப்'. குடும்பப் பெயர் ல கோஃப். அல்சாசில் ஷ்மிட். இந்த இரண்டும் லெஃபெவ்ரின் லத்தீன் வேரிலிருந்து வரவில்லை, ஆனால் பொருள் ஒன்றே. மற்றப் பெயர்களில் ஈற்றைப் பாருங்கள். 'அக்' என்று முடிந்தால் பெரும்பாலும் தென்மேற்கு ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. 'ஈ' என்று முடிகிற இத்தாலியச் சாயல் பெயர்கள் கோர்சிகாவை நினைவூட்டும். 'கெர்' என்று தொடங்கினால் பிரிட்டனி. எச்செவெரி என்று கேட்டால் பாஸ்க். 'புதுவீடு' என்று பொருள்.

பிரபலங்களின் பிறந்த ஊரைக் கொண்டும் சரிபார்க்கலாம், ஆனால் எச்சரிக்கையோடு. பூச்சியியல் அறிஞர் ஜான்-ஆன்றி ஃபாப்ர் 1823இல் பிறந்தது அவேரோனில். பெயரும் ஊரும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. புரட்சிக் கால வரலாற்றாசிரியர் ஜோர்ஜ் லெஃபெவ்ர் லீல் நகரில் பிறந்தவர், அதுவும் பொருந்துகிறது. ஆனால் நெப்போலியனின் மார்ஷல் லெஃபெவ்ர் பிறந்தது அல்சாஸின் ரூஃபாக் ஊரில். மெய்யியலாளர் ஆன்றி லெஃபெவ்ர் பிறந்தது தென்மேற்கு மூலையான லாந்தில். தனி ஆள் எங்கும் பிறக்கலாம். நூறு பேர் எங்கே பிறந்தார்கள் என்பதுதான் சான்று.

நான்காம் படி: இனிப் பொருளைத் தேடலாம்

பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் வந்தவை. முன்னோரின் ஞானஸ்நானப் பெயர் (மார்ட்டின், பெர்னார், தோமா). குடியிருந்த இடம் (துபுவா என்றால் காட்டுக்காரர், லாபோர்த் என்றால் வாசல்). தொழில் (மெர்சியே, மெனியே, லெஃபெவ்ர்). பட்டப்பெயர் (பெத்தி என்றால் குள்ளர், லெக்ரான் என்றால் நெடியவர்). பன்னிரண்டாம் நூற்றாண்டையொட்டி மக்கள்தொகை பெருகி, ஒரே ஊரில் பத்து ஜான், பத்து பியேர் என்று ஆனபோது அடையாளத்துக்காக ஒட்டவைத்தவை இவை. பிறகு மகனுக்கும் பேரனுக்கும் இறங்கிவந்தன. தகப்பன் கொல்லன் என்பதால் மகனும் லெஃபெவ்ர். மகன் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாலும் லெஃபெவ்ர்தான்.

இன்றைய பிரெஞ்சு அகராதியை வைத்துப் பொருள் சொல்ல முயன்றால் சறுக்குவீர்கள். இன்று கொல்லனுக்குப் பிரெஞ்சில் 'ஃபோர்ஜெரோன்' என்பார்கள். அந்தச் சொல் குடும்பப் பெயராக அரிது; காரணம், பெயர்கள் உருவான காலத்தில் ஊர்வாயில் புழங்கியது 'ஃபெவ்ர்' என்ற சொல். அது பேச்சிலிருந்து செத்துப்போய்விட்டது. ஆனால் ஒரே ஓர் இடத்தில் உயிரோடு இருக்கிறது. பிரான்சில் நகைக்கடை, வெள்ளிப் பாத்திரக் கடை வாசலில் 'ஓர்ஃபெவ்ர்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 'ஓர்' என்றால் பொன். பொற்கொல்லன்! நம் மொழியில் பொன்னும் கொல்லனும் சேர்வது போலவே அங்கும் சேர்ந்திருக்கிறது. அந்தப் பலகையைப் படிக்கத் தெரிந்தால் லெஃபெவ்ருக்கு அகராதியே வேண்டாம்.

லெஃபெவ்ருக்குக் காய்ச்சலோடு ('ஃபியேவ்ர்') எந்தத் தொடர்பும் இல்லை, மொச்சைக்கொட்டையோடும் ('ஃபேவ்') இல்லை. இதைச் சொல்லவேண்டிய தேவை என்ன என்று கேட்காதீர்கள். வட அமெரிக்காவில் குடியேறிய சில லெஃபெவ்ர் குடும்பங்கள் 'பீன்' என்று பெயரை மாற்றிக்கொண்டன. யாரோ அதை 'லா ஃபேவ்' என்று காதில் வாங்கி ஆங்கிலத்தில் மொச்சை ஆக்கிவிட்டார்கள். கொல்லன் பேரன் மொச்சைக்காரன் ஆனான். கியூபெக் பக்கம் தேடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே 'தி' என்ற சொல்லோடு இரண்டாவது பெயர் ஒன்று ஒட்டிக்கொள்ளும். 'என்றழைக்கப்படும்' என்று பொருள். பேரப்பிள்ளைகள் சில சமயம் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்வார்கள். லெஃபெவ்ர் தி வில்மூர் என்ற வழியில் வந்தவர்கள் இன்று வில்மூர் மட்டுமே.

அகராதி வேண்டுமென்றால் அல்பேர் தோசா, மாரி-தெரேஸ் மோர்லே ஆகியோரின் குடும்பப் பெயர் அகராதிகள் பிரெஞ்சு நூலகங்களில் கிடைக்கும். ஒரே பெயருக்கு இரண்டிலும் வேறு வேறு பொருள் இருந்தால் உங்கள் வரைபடத்துக்குப் பொருந்துவதை நம்புங்கள். பெயரைத் தட்டியவுடன் கேடயமும் சிங்கமுமாக 'உங்கள் குலச் சின்னம்' என்று நீட்டும் தளங்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அப்படி ஒன்றை வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. கடை எது என்று சொல்லப்போவதில்லை. சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு உரியது, பெயருக்கு உரியது அல்ல. ஆயிரக்கணக்கான கிராமங்களில் ஆயிரக்கணக்கான கொல்லர்கள். அவர்களுக்கெல்லாம் ஒரே சிங்கமா? பெயரில் 'த' என்று வந்தாலே பிரபு வம்சம் என்று நினைப்பதும் இதே வகை மயக்கம். பெரும்பாலும் அது 'இன்ன ஊர்க்காரர்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

ஐந்தாம் படி: பதிவேட்டில் இறங்குங்கள்

இதுதான் நேரம் தின்னும் படி, சுவையும் இங்கேதான். பிரான்சின் ஒவ்வொரு மாவட்ட ஆவணக் காப்பகமும் தன் பழைய பதிவேடுகளைப் படம்பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறது. அநேகமாக எல்லாம் இலவசம். 1792 செப்டம்பர் 20 முதல் பதிவு நகராட்சியின் வேலை. அதற்கு முன்பு பங்குக் கோயிலின் வேலை. ஞானஸ்நானத்தைப் பதிய வேண்டும் என்று 1539இல் வில்லேர்-கொத்ரே அரசாணை விதித்தது. 1579இல் திருமணமும் அடக்கமும் சேர்ந்தன. 1667இல் இரண்டு பிரதி எழுத வேண்டும் என்று ஆனது. ஆகவே ஒன்று எலிக்கு இரையானாலும் மற்றது இருக்க வாய்ப்புண்டு. சவ்வா 1860இல்தான் பிரான்சோடு சேர்ந்தது, அதன் பழைய பதிவுகளுக்கு வேறு கணக்கு.

புதியவர்கள் நேராகப் பதிவேட்டைப் புரட்டாமல் பத்தாண்டு அட்டவணையைத் திறக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எல்லாப் பெயரையும் அகரவரிசையில் தொகுத்த பட்டியல் அது. அதில் தேதியைப் பிடித்துக்கொண்டு பதிவுக்குப் போனால் அரை நாள் மிச்சம். பெண்களை எப்போதும் பிறந்தவீட்டுப் பெயரில் தேடுங்கள். பிரெஞ்சுச் சட்டப்படி கல்யாணத்தால் பெண்ணின் பெயர் மாறுவதில்லை, கணவன் பெயர் வழக்கத்துக்காகச் சேர்ப்பது மட்டுமே. 1793இலிருந்து 1805 வரை புரட்சி நாட்காட்டியில் தேதி இருக்கும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் ஏராளம். 'ஃபே' என்று ஒருவர் பெயருக்கு முன்னால் இருந்தால் அவர் காலமானவர். அல்சாஸ், மொசேல் பகுதிகளில் 1871க்கும் 1918க்கும் இடையில் ஜெர்மன் மொழியில் எழுதியிருப்பார்கள். பாரிஸில் 1860க்கு முந்தைய பதிவுகள் 1871 மே மாதக் கலவரத்தில் எரிந்துபோயின; ஒரு பகுதியை மட்டுமே பின்னர் மீட்டெழுதினார்கள். பாரிஸில் கோடு அறுந்தால் உங்கள் மேல் தவறில்லை. பிறப்பு, திருமணப் பதிவுகள் எழுபத்தைந்து ஆண்டு கடந்த பிறகே எல்லோருக்கும் திறக்கும்.

மற்றவர்கள் தேடி வைத்த குடும்ப மரங்கள் ஜெனெயாநெட் போன்ற தளங்களில் கிடைக்கும். அவற்றைத் துப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சான்றாக அல்ல. ஒருவர் செய்த தவறை நாற்பது பேர் பிரதி எடுத்திருப்பார்கள்.

ஆறாம் படி: 'எவ்வளவு பிரபலம்' என்ற எண்ணிக்கையைச் சரியாகப் படியுங்கள்

பிரான்சில் மிகவும் பரவிய குடும்பப் பெயர் மார்ட்டின். 'பி' உள்ள லெஃபெவ்ர் முதல் இருபதுக்குள் வரும். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இன்சே தருவது பிறப்புகளின் எண்ணிக்கை. இன்று உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை அல்ல. இரண்டாவது, கணக்கெடுப்பு எழுத்துக்கூட்டலைத்தான் எண்ணுகிறது, பொருளை அல்ல. மார்ட்டின் வடக்கே போனாலும் தெற்கே போனாலும் மார்ட்டின்தான். கொல்லனோ லெஃபெவ்ர், ஃபெவ்ர், ஃபாப்ர், ஃபோர், ஃபாவ்ர், ல கோஃப், ஷ்மிட் என்று சிதறிக் கிடக்கிறான். அத்தனையையும் ஒரே கூடையில் போட்டால் மார்ட்டினின் முதலிடமே ஆட்டம் காணும். ஆகவே "அரிய பெயர்" என்று வருகிற முடிவை நம்புவதற்கு முன், அரிதாக இருப்பது பெயரா, எழுத்துக்கூட்டலா என்று பாருங்கள்.

2005 முதல் பிரான்சில் பிள்ளைக்குத் தாயின் பெயரையோ இருவர் பெயரையுமோ வைக்கலாம். 2022 ஜூலை முதல் வயதுவந்தோர் வாழ்நாளில் ஒருமுறை, எளிய விண்ணப்பத்தில், பெற்றோரில் மற்றவர் பெயருக்கு மாறலாம். இனிவரும் வரைபடங்கள் தந்தை வழியை மட்டும் காட்டமாட்டா.

புதுச்சேரிப் பெயர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு

தமிழ் வாசகர்களில் சிலருக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வீட்டிலேயே இருக்கும். அவர்கள் மேலே சொன்ன இரண்டாம், மூன்றாம் படிகளைத் தாண்டிவிடலாம், ஏனென்றால் அவை அவர்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த அரசாணையின்படி, பிரெஞ்சு இந்தியாவில் தங்கள் சமூகத் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 'ரெனோன்சான்' என்று இன்றும் புதுச்சேரியில் சொல்வது இவர்களைத்தான். இந்த இயக்கத்தில் முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த், அதாவது வாசல். பிரான்சின் ஏதோ ஒரு கோட்டை வாசலில் குடியிருந்த முன்னோர் யாரும் அவருக்கு இல்லை. பெயரை அவரே தேர்ந்தெடுத்தார்.

அப்படிப்பட்ட பெயரின் முதல் பக்கத்தைப் பா-த-கலேயில் தேடினால் கிடைக்காது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஆகியவற்றின் பழைய பதிவேடுகளை எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் ஊரையும், 1881க்குப் பிந்தைய ஆண்டு ஒன்றையும் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். தாத்தாவின் தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தர் எப்படிக் காதில் வாங்கியிருப்பார் என்பதையும் யோசித்து, அதற்கும் ஐந்தாறு எழுத்துக்கூட்டல்களை முதலிலேயே நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.